சுவரில் பாதி உயரத்தில் ஒரு கதவு: இங்கிலாந்தின் பழைய கிராமச் சர்ச்சுகளில் இதெல்லாம் என்ன?

வைகறை_லெஸ்டர்:
நார்ஃபோக் பக்கம் போனபோது வழியில் ஒரு கிராமச் சர்ச்சில் இறங்கினோம். ஃபிளின்ட் கல்லில் கட்டிய வட்டக் கோபுரம், கதவு திறந்தே கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. வெள்ளைச் சுவர், மர பெஞ்சுகள், ஒரு கல் தொட்டி, பார்க்க அவ்வளவுதான் இருந்தது. ஆனால் மக்கள் உட்காரும் கூடத்துக்கும் பீடம் இருக்கும் பகுதிக்கும் நடுவில் ஒரு பெரிய வளைவு இருக்குமே, அதற்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு சின்ன வாசல். கீழே தரையோடு இன்னொரு வாசல், அதற்குள் குறுகலான கல்படி சுழன்று மேலே போகிறது. ஏறிப் போய் மேல் வாசலில் நின்றால் காலுக்கு முன்னால் வெறும் காற்று. "கட்டினவன் அளவைத் தப்பா எடுத்திருப்பான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது தெரியுமா?

கல்தேர்:
அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்திருக்கிறான். காணாமல் போனது அந்த வாசலுக்கு முன்னால் இருந்த மாடி.

கூடத்தை நேவ் என்றும் பீடப் பகுதியை சான்சல் என்றும் சொல்வார்கள். 1530 வாக்கில் அதே இடத்தில் நின்றிருந்தால் அந்த வளைவுக்குக் குறுக்கே ஒரு மரத்திரை இருந்திருக்கும். கீழ்ப்பாதி பலகை, ஒவ்வொரு பலகையிலும் ஒரு புனிதர் ஓவியம், சிவப்பும் பச்சையும் பொன்னுமாக. மேல்பாதி செதுக்கிய மரச்சட்டம், ஊடே பார்க்கலாம். திரையின் தலையில் ஆள் நடமாடும் அளவுக்கு ஒரு மாடி. அதற்கும் மேலே உத்தரத்தில் சிலுவையில் தொங்கும் இயேசு, ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் யோவான், மூன்றும் பெரிய மரச்சிலைகள். அந்தச் சிலுவைக்குத்தான் ரூட் என்று பெயர், அதனால் ரூட் திரை, ரூட் மாடி. நீங்கள் ஏறிய படி அந்த மாடிக்குப் போகிற படி. சிலுவைக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்ற, தவக்காலத்தில் அதைத் துணியால் மூட, சில ஊர்களில் பாடகர்கள் நின்று பாட, இப்படிப் பல வேலைக்கு ஆள் ஏறி இறங்கிய படி.

புராட்டஸ்டன்ட் மன்னர் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547-48இல், சிலைகளையெல்லாம் இறக்கச் சொல்லி ஆணை வந்தது. 1550இல் கல் பீடங்களையும் பெயர்த்துவிட்டு மரமேசை போடச் சொன்னார்கள். 1553இல் கத்தோலிக்கரான மேரி அரசியானதும் எல்லாவற்றையும் திரும்ப வை என்றார். 1558 கடைசியில் எலிசபெத் வந்ததும் மறுபடி இறக்கு. 1561 ஆணைதான் முக்கியம்: மாடியை உத்தரம் வரைக்கும் வெட்டி எடு, ஆனால் நேவையும் சான்சலையும் பிரிக்கும் திரை இருக்கட்டும். அதனால்தான் பல ஊர்களில் இன்றைக்கும் திரை நிற்கிறது, மாடி இல்லை. கல்படியை அடைக்கக் காசு ஆகும், யார் செலவு பண்ணுவது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாடி தப்பித்தது வெகு சில இடங்களில்தான். யார்க்‌ஷயரில் ஹப்பர்ஹோம் என்ற குக்கிராமத்தில் 1558 என்று தேதி போட்ட மாடி இருக்கிறது. அந்த வருஷத்தைக் கவனியுங்கள், மேரி இறந்ததே அந்த நவம்பரில்தான். ஓவியத்திரை பார்க்க வேண்டுமென்றால் நார்ஃபோக்கிலேயே ரான்வொர்த். அங்கே மிக்கேல் சம்மனசு ஏழுதலை நாகத்தை வெட்டுகிற பலகை ஒன்று போதும், பெட்ரோல் செலவு வீண்போகாது.

இப்ஸ்விச்_மணி:
நல்ல விளக்கம் சார். ஆனால் எங்கள் சஃபோக் பக்கம் எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் "க்ராம்வெல் ஆட்கள் வந்து உடைத்தார்கள்" என்றுதான் சொல்கிறார்கள். பிளைத்பர்க்கில் கூரையில் மரத்தில் செய்த தேவதைகள் சிறகை விரித்து நிற்கின்றன, அவற்றின் உடம்பில் துப்பாக்கிக் குண்டு இருந்ததாம், அதையும் க்ராம்வெல் ஆட்கள் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

கல்தேர்:
மணி, அந்த ஊர்களில் இரண்டு க்ராம்வெல்லையும் ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். தாமஸ் க்ராம்வெல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர். 1538இல் சிலைகளுக்கு முன் விளக்கேற்றுவதைக் கட்டுப்படுத்தியவர், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதும் பதிவேட்டை ஒவ்வொரு சர்ச்சிலும் வைக்கச் சொன்னவரும் அவர்தான். அந்தப் பதிவேட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி, ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று வார்டன்களிடம், அதாவது ஊர் சார்பில் சர்ச்சைக் கவனித்த பொறுப்பாளர்களிடம். ஆலிவர் க்ராம்வெல் நூறு வருஷம் கழித்து, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் வந்தவர்.

சஃபோக்கில் நிஜமாகவே உடைத்தவர் பெயர் வில்லியம் டௌசிங். நாடாளுமன்றத் தரப்பில் மான்செஸ்டர் ஏர்ல் 1643 டிசம்பரில் அவருக்கு உத்தரவு கொடுத்தார். கேம்பிரிட்ஜ்‌ஷயரிலும் சஃபோக்கிலும் 250 சர்ச்சுக்கு மேல் போனார், போன இடத்தையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு சர்ச்சுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம், உடைப்பதற்கு அந்த ஊரே காசு கொடுக்க வேண்டும்! பிளைத்பர்க்குக்கு 1644 ஏப்ரலில் வந்தார், தேவதைகளை இறக்கச் சொல்லி எழுதியும் வைத்தார். அவ்வளவு உயரத்தில் யார் ஏணி போடுவது, நிற்கின்றன. குண்டு அவர் வேலை இல்லை. கூரைக்குள் கூடு கட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட 18ஆம் நூற்றாண்டில் சர்ச் வார்டன்களே ஆளுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், கணக்கில் இருக்கிறது.

அதைவிட முக்கியம், டௌசிங் வந்தபோது பெரும்பாலான சாமான் ஏற்கெனவே போய்விட்டது. அவருக்கு மிஞ்சியது கண்ணாடி, கல்லறைத் தகட்டில் "ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்" என்ற வரி, உயரத்தில் இருந்த தேவதைகள். ரூட்டை இறக்கியதும் பீடத்தைப் பெயர்த்ததும் அந்தந்த ஊர் வார்டன்கள், அரசாங்க ஆணைப்படி. இறக்கின கூலியையும் கணக்கில் எழுதினார்கள், மேரி காலத்தில் திரும்ப ஏற்றின கூலியையும் எழுதினார்கள்.

நடுவாந்திரம்:
அப்படியென்றால் மக்களுக்கே அதெல்லாம் வேண்டாம் என்று இருந்திருக்கிறது. பிடிக்காமல்தானே இறக்கினார்கள்? ஊரே விரும்பியிருந்தால் ராஜா சொன்னதும் உடனே கோடாலியை எடுப்பார்களா?

கல்தேர்:
இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. லண்டனில், துறைமுக ஊர்களில், விரும்பி உடைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் டெவனில் மோர்பாத் என்று ஒரு ஊர். முப்பது சொச்சம் குடும்பம். கிறிஸ்டோபர் ட்ரிகே என்ற பாதிரியார் 1520இல் வந்தவர், 1574 வரை அங்கேயேதான் இருந்தார், அதாவது கத்தோலிக்கம், சீர்திருத்தம், மறுபடி கத்தோலிக்கம், மறுபடி சீர்திருத்தம், எல்லாவற்றுக்கும் ஒரே பாதிரியார். அந்த ஊர்க் கணக்கு வரிக்கு வரி இருக்கிறது. புனிதர்கள் பெயரில் ஆட்டுக்கிடை வைத்திருந்தார்கள், ஆடுகளை ஊர்க்காரர்கள் தங்கள் கொட்டிலில் வளர்ப்பார்கள், கம்பளி விற்ற காசு அந்தப் புனிதர் சிலைக்கு முன் எரியும் மெழுகுக்கு.

ட்ரிகேவுக்கு ஒரு ஆசை. இறந்தவர்களுக்கான திருப்பலிக்கு நல்ல கறுப்பு உடுப்பு ஒன்று வேண்டும். தனக்கு வர வேண்டிய சில்லறை வருமானத்தை விட்டுக்கொடுத்து இருபது வருஷம் போலச் சேர்த்தார். உடுப்பு வந்து சேர்ந்தது 1547இல், எட்வர்டு பட்டத்துக்கு வந்த வருஷம். கொஞ்ச நாளில் அந்தத் திருப்பலியே சட்டப்படி இல்லாமல் போனது. 1549இல் புதிய ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்து மேற்கே கலகம் வெடித்தபோது இதே ஊர் ஐந்து இளைஞர்களைச் செலவுக்குக் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறது. சர்ச் சாமான்களைப் பலரும் வீட்டில் ஒளித்து வைத்து மேரி வந்ததும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைப் பிடிக்காமல் இறக்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம், அபராதம், அரசன் சொல், களைப்பு, எல்லாம் கலந்திருக்கும்.

நடுவாந்திரம்:
சரி, அந்த ஊர் விதிவிலக்காகக்கூட இருக்கலாம், கணக்கு நமக்குக் கிடைத்த ஊர் என்பதால் அதையே பிடித்துத் தொங்குகிறோம். அது கிடக்கட்டும். யார் காசு இதெல்லாம்? சின்னக் கிராமத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி? சிலவற்றில் நேவ் பிரம்மாண்டமாக இருக்கிறது, சான்சல் மட்டும் ஒட்டவைத்த மாதிரி தாழ்வாக இருக்கிறது.

கல்தேர்:
அந்த உயர வித்தியாசத்துக்குக் காரணமே காசுதான். சான்சல் பழுது ரெக்டர் பொறுப்பு, அதாவது அந்த ஊர் தசமபாகத்தை வாங்குகிறவர். பல ஊர்களில் அது எங்கோ இருந்த ஒரு மடம். நேவ், அதன் கூரை, பெஞ்சு எல்லாம் ஊர்க்காரர் பொறுப்பு. நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதுபோல இவர்களும் பிரித்து, விருந்து போட்டு, பீர் காய்ச்சி விற்று, கட்டினார்கள். கம்பளி வியாபாரம் கொழித்த 15ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரன் நேவை இடித்துப் பெரிதாகக் கட்டுவான், மடம் சான்சலுக்குக் காசு எடுக்காது.

பெரும் பணக்காரர் இருந்த இடத்தில் வேறு கதை. சஃபோக்கில் லாவெனம் சர்ச்சின் கோபுரம் 141 அடி, துணி வியாபாரி தாமஸ் ஸ்பிரிங் 1523இல் இறக்கும்போது அதற்காக 200 பவுண்டு எழுதிவைத்தார். லாங் மெல்ஃபோர்டில் சர்ச்சின் வெளிச்சுவரைச் சுற்றி ஃபிளின்ட்டுக்கு நடுவில் எழுத்துப் பதித்து, கொடுத்தவர்கள் பெயரையும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்பதையும் போட்டிருக்கிறார்கள். வேண்டுதல் பலிக்க வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டும், இது வெறும் பெருமை இல்லை. அந்தச் சர்ச் அழிவுக்கு முன் எப்படி இருந்தது என்று ரோஜர் மார்ட்டின் என்பவர் வயதான காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். கூரையில் நட்சத்திரம், சர்ச்சின் அகலம் முழுக்க ரூட் மாடி, எங்கே எந்தச் சிலை, ஒன்று விடாமல். சிலவற்றைத் தன் வீட்டில் பத்திரப்படுத்தி, என் வாரிசுகள் என்றைக்காவது திரும்ப வைக்கட்டும் என்றார். வைக்க முடியவில்லை.

இப்ஸ்விச்_மணி:
அந்த சான்சல் பொறுப்பு இன்னும் இருக்கிறது, தெரியுமா? வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊர். அங்கே பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதிக்கு சான்சல் ரிப்பேர் பில் வந்து, வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் தோற்றார்கள். வீடு வாங்கும்போது வக்கீல் "சான்சல் தேடல்" என்று ஒரு வரிக்குக் காசு வாங்குகிறாரே, அது இதற்குத்தான்.

வைகறை_லெஸ்டர்:
ஐயோ, எங்கள் வீட்டு பில்லிலும் அந்த வரி இருந்தது! நான் ஏதோ பத்திரப்பதிவுச் செலவு என்று நினைத்தேன்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். சான்சலில் வலது பக்கச் சுவரில் ஒரு குட்டி மாடம், அடியில் பூப்போலக் குழித்து நடுவில் ஓட்டை. பக்கத்தில் சுவரைக் குடைந்து மூன்று இருக்கை, படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று தாழ்வாக.

ஜெனிஃபர்_நாகர்கோவில்:
இதை நான் சொல்கிறேன். அந்த மாடம் பிஸ்கினா. திருப்பலி முடிந்து பாத்திரம் கழுவின தண்ணீரை அதில் ஊற்றுவார்கள், ஓட்டை வழியாகச் சுவருக்குள் இறங்கி நேரே மண்ணுக்குப் போகும். வசீகரம் செய்த, அதாவது திருப்பலியில் புனிதமாக்கிய ரசத்தின் துளி அதில் இருக்கலாம், சாக்கடையில் கலக்கக் கூடாது. எங்கள் பங்கில் சக்ரீஸ்தில் (குரு உடுப்பு மாற்றும் அறையில்) இருக்கும் தனித் தொட்டியும் இதே காரணத்துக்காக மண்ணுக்குள் இறங்குகிறது. மூன்று இருக்கை குருவுக்கும் அவருக்கு உதவும் இரண்டு பேருக்கும், பெயர் செடிலியா. தாழ்ந்துகொண்டே வருவது பதவி வரிசை.

ஒரு பயனுள்ள குறிப்பு: பிஸ்கினா இருந்தால் பக்கத்தில் ஒரு பீடம் இருந்தது என்று அர்த்தம். அதனால் சான்சலை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கூடத்தின் கிழக்கு முனையில் பாருங்கள், தூணில்கூட இருக்கும். ஒரு சர்ச்சில் மூன்று பிஸ்கினா கண்ணில் பட்டால் மூன்று பீடம் இருந்திருக்கிறது, இன்று ஒன்றுதான் மிச்சம்.

எதிர்ச்சுவரில், வடக்கே, செதுக்கின பெரிய மாடம் ஏதாவது இருந்ததா? புனித வெள்ளியன்று நற்கருணையையும் சிலுவையையும் அடக்கம் செய்து ஈஸ்டர் வரை காவல் காக்கிற கல்லறை மாடம் அது. லிங்கன்‌ஷயரில் ஹெக்கிங்டனிலும் நாட்டிங்கம்‌ஷயரில் ஹாட்டனிலும் உள்ளவற்றின் படத்தைப் பாருங்கள், கீழே தூங்குகிற படைவீரர்களைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள்.

தச்சன்மகன்:
அந்தச் சுவரில் சாய்வாக ஒரு துளை இருக்குமே, குஷ்டரோகிகள் வெளியே நின்று பூசை பார்க்க என்று ஒரு சர்ச்சில் போர்டே வைத்திருந்தார்கள். அப்புறம் வடக்குப் பக்கம் அடைத்த கதவு, ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியே போக என்று.

கல்தேர்:
இரண்டும் பிற்காலத்தில் கிளம்பிய கதை. உள்சுவரில் சாய்வாகக் குடைந்த துளை, பக்கப் பீடத்தில் நிற்கும் குரு பெரிய பீடத்தில் அப்பம் உயர்த்தப்படும் நேரத்தைப் பார்த்துத் தன் பூசையை நிதானித்துக்கொள்ள. ஊரில் நோயாளிகளைச் சுவருக்கு வெளியே கூட்டி நிறுத்தும் ஏற்பாடு எதற்கும் அதில் இடமில்லை. வடக்குக் கதவு ஊர்வலம் வெளியே போய்ச் சுற்றி வர. ஊர்வலம் நின்றதும் குளிர்காற்று வருகிறதே என்று அடைத்துவிட்டார்கள்.

உங்கள் பெயரைப் பார்த்தால் மரம் தெரிந்தவர்போல. கேம்பிரிட்ஜ்‌ஷயரில் மார்ச் ஊரில் செயின்ட் வென்ட்ரெடா கூரையைப் பார்த்தீர்களா?

தச்சன்மகன்:
பார்த்தேன், கழுத்து வலித்தது! சுவரின் தலையிலிருந்து குட்டை உத்தரம் உள்ளே நீட்டி, அதன் நுனியில் காலை நிறுத்தி, மேலே அதேபோல இன்னொரு அடுக்கு. முழு அகலத்துக்கும் ஒரே மரம் தேவைப்படாது. நீட்டிய நுனிகளிலெல்லாம் தேவதை, நூற்றுக்கு மேல். அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது, நுனியில் கனமான சிற்பம் வைப்பது அழகுக்கு மட்டும், கூரையை அது தாங்கவில்லை, எடையைத் தாங்குவது பின்னால் இருக்கும் வளைந்த முட்டுத்தான். அந்த முட்டு எல்லாம் ஓக், ஆப்பும் மரமே.

வைகறை_லெஸ்டர்:
எனக்கு இப்போது அந்த வெள்ளைச் சுவர்மேல்தான் சந்தேகம். அதுவும் முதலில் அப்படி இல்லையா?

கல்தேர்:
இல்லை. சுவரெல்லாம் படம். பெரும்பாலும் நுழைந்ததும் எதிரே வடக்குச் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் கிறிஸ்தோபர், அவரைப் பார்த்தவருக்கு அன்றைக்குத் திடீர்ச் சாவு இல்லை என்று நம்பிக்கை, அதனால் வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போகலாம். வளைவுக்கு மேலே கடைசித் தீர்ப்பு.

சஃபோக்கில் வென்ஹாஸ்டனில் நடந்ததைக் கேளுங்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது வளைவில் அடித்திருந்த வெள்ளையடித்த பலகைகளைக் கழற்றி வெளியே போட்டார்கள். ராத்திரி மழை. காலையில் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் தெரிந்தன: ராஜாக்கள், தராசு பிடித்த மிக்கேல், வாயைப் பிளந்த நரகம். இன்று சர்ச்சுக்குள் வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் படத்துக்கு நடுவில் வெறும் மரமாக ஒரு சிலுவை வடிவம், இரு பக்கமும் ஆள் வடிவம். ஓவியன் அங்கே தூரிகையே வைக்கவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில்தான் ரூட்டின் மரச்சிலைகள் பலகையோடு ஒட்டி நின்றன. முதல் பதிவில் நீங்கள் கேட்ட மாடிக்கு மேலே இருந்த அந்த மூன்று பேர்தான்.

நார்ஃபோக்கில் பின்ஹமில் இன்னொரு விதம். திரைப் புனிதர்கள்மேல் வெள்ளையடித்து, அதன்மேல் கறுப்பு எழுத்தில் 1539 ஆங்கில பைபிள் வசனம் எழுதினார்கள். இப்போது வெள்ளை உதிர்கிறது, எழுத்து வரிகளுக்கு இடையே புனிதரின் கண்ணும் கன்னமும் எட்டிப் பார்க்கின்றன.

நடுவாந்திரம்:
ஆக, சுண்ணாம்பு காப்பாற்றியது, அழித்தது பழுதுபார்க்க வந்த விக்டோரியா காலத்து (19ஆம் நூற்றாண்டு) ஆட்களா?

கல்தேர்:
பாதிக்கு மேல் அப்படித்தான் சொல்வேன். 1839க்குப் பிறகு கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் வந்து, சர்ச் என்றால் 14ஆம் நூற்றாண்டு மாதிரி இருக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். சாந்தைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள், சாந்தோடு படமும் போனது. இடைக்காலத்தில் யாரும் சுவரை அப்படி நிர்வாணமாக விட்டதில்லை. யார்க்‌ஷயர் பிக்கரிங்கில் 1852இல் நேவ் முழுக்க ஓவியம் வெளிவந்தபோது அங்கிருந்த பாதிரியாருக்குப் பிடிக்காமல் மறுபடி வெள்ளையடித்தார். ஒரு வகையில் நல்லது, பிறகு திரும்ப எடுத்தார்கள், ஆனால் நிறைய மீள்பூச்சு. வில்லியம் மாரிஸ் இந்தச் சுரண்டலை எதிர்த்து 1877இல் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அவர் நினைத்தது எப்படி இருக்கும் என்று பார்க்க வில்ட்‌ஷயரில் இங்கில்‌ஷம் போங்கள், சுவரில் ஓவியத்தின்மேல் எழுத்து, எழுத்தின்மேல் எழுத்து, ஏழெட்டு தலைமுறை அடுக்கடுக்காக.

ஆனால் விக்டோரியா ஆட்கள் கூரை மாற்றாமல் விட்டிருந்தால் பாதிச் சர்ச் இன்று மொட்டைச் சுவராகத்தான் நின்றிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

ஜெனிஃபர்_நாகர்கோவில்:
ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றி யாருமே பேசவில்லையே! அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் சிதைந்திருக்கும், இல்லையென்றால் ஈயத்தில் பதித்த இரும்பு முளை இருக்கும். மந்திரித்த தண்ணீரை யாரும் மாந்திரீகத்துக்கு எடுத்துப் போகக் கூடாது என்று 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட் ரிச் மூடிபோட்டுப் பூட்டச் சொன்னார், அந்தப் பூட்டின் தழும்பு அது. மூடி பிற்காலத்தில் கோபுரமாக வளர்ந்தது. சஃபோக்கில் அஃபோர்டில் உள்ளது 18 அடி, உச்சியில் பெலிகன் பறவை. டௌசிங்கே பார்த்துப் பிரமித்து விட்டுப்போனார்.

வைகறை_லெஸ்டர்:
எல்லாருக்கும் நன்றி. கார் இல்லாமல், லண்டனில் அம்மா வீட்டிலிருந்து ஒரு நாளில் போய்வர எது நல்லது? என் பையனுக்கு பத்து வயசு, புனிதர் படம் பார்க்கமாட்டான்.

கல்தேர்:
பையனுக்கென்றால் ஆஷ்வெல், ஹெர்ட்ஃபோர்ட்‌ஷயர். கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் வழி ரயில், ஆஷ்வெல் அண்ட் மோர்டன் ஸ்டேஷன். அங்கிருந்து கிராமம் சுமார் 4 கி.மீ., நடக்க வேண்டும் இல்லையென்றால் டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். டார்ச் கொண்டுபோங்கள். கோபுரத்தின் உட்சுவரில் வடக்குப் பக்கம், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கல்லில் கீறிய லத்தீன் எழுத்து தெரியும்: 1350, கொள்ளைநோய், சாட்சி சொல்ல மிஞ்சியது கேடுகெட்ட ஜனம் மட்டும் என்று. அதற்குக் கீழே 1361 என்று போட்டு புனித மாரஸ் நாளில் அடித்த பெரும்புயல். பக்கத்திலேயே தீப்பிடித்து அழிந்த பழைய செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் படம் என்று சொல்லப்படுகிற ஒரு கீறல். பையனிடம் எழுத்தைச் சொல்லாமல் டார்ச்சை மட்டும் கொடுங்கள்.

நடக்க முடியாதென்றால் சாலிஸ்பரி செயின்ட் தாமஸ், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம். வளைவுக்கு மேலே பெரிய தீர்ப்பு ஓவியம், 1593இல் வெள்ளையடித்தது, விக்டோரியா காலத்தில் பூச்சு ஏற்றியது என்பதால் முழுக்க நம்பாதீர்கள். நரகத்தின் வாய் பையனுக்குப் பிடிக்கும்.

இப்ஸ்விச்_மணி:
போகும் முன் அந்தச் சர்ச் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், சனிக்கிழமை கல்யாணம் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.